சத்தம் போடாத ஐம்பத்து நான்கு பேர்

உஸ்மான் மஸ்கட்டுக்குக் கிளம்பிப் போனது 2022 ஜனவரி மூன்றாம் தேதி, திங்கட்கிழமை. காலை ஏழு மணியாகியும் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பனி விலகவில்லை. சென்னை பஸ் டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். உஸ்மானின் பெட்டியை அம்மா கமர் ஜஹான் பச்சை நைலான் கயிற்றால் மூன்று சுற்றுச் சுற்றி, அவிழ்க்கவே முடியாத முடிச்சாகப் போட்டிருந்தாள். மூக்கில் குச்சி விட்டு எடுத்த கொரோனா டெஸ்ட் காகிதம் ஒரு பிளாஸ்டிக் உறையில் அவன் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்தது.

அத்தா சைபுதீன் கடைசி நேரத்தில் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். கடைத்தெருவில் பிளாஸ்டிக் குடம், வாளி விற்கிறவர். கையில் ஒரு நீல மக்கு.

“அங்க வாளி வச்சிருப்பானுங்க, மொண்டு ஊத்திக்க ஒன்னும் வச்சிருக்க மாட்டானுங்க. எடுத்துக்கினு போ.”

“அத்தா, மக்கைத் தூக்கிக்கினு பிளேன்ல ஏறினா சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டுமே. குளிக்கப் போறது நீயா அவனா?”

உஸ்மான் மக்கை வாங்கிப் பையில் திணித்துக்கொண்டான். பிறகு அக்கா அஸ்பியாவின் பக்கம் திரும்பினான்.

“அக்கா, உங்க கடை டைரியில என் பேரையும் எழுதிக்கோ. பாஸ்போர்ட்டைக் கம்பெனியிலயே வாங்கிப் பூட்டி வச்சுக்குவாங்களாம். எப்ப முடியுதுன்னு நீதான் சொல்லணும்.”

“பத்து வருஷத்துக்கு ஒருக்கா வர்ற தேதி. அதக்கூட ஞாபகம் வச்சுக்க மாட்டியாடா?”

“ஊருக்கே சொல்றவ நீ இருக்கிற. எனக்கு எதுக்குத் தலவலி?”

பஸ் நகர்ந்தது. அவன் கையாட்டியதை அத்தா பார்க்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அஸ்பியாவுக்கு அப்போது முப்பத்தொரு வயது. பி.காம். முடித்தவள். கல்யாணமாகிப் பதினோரு மாதத்தில் ஆம்பூரிலிருந்து திரும்பி வந்தவள். ஏன் வந்தாள் என்று அத்தா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவள் வந்த மறுநாள் காலையில், பஸ் ஸ்டாண்டை ஒட்டிய வெற்றிவேலின் டிக்கெட் கடையில் ஆள் தேடுகிறார்கள் என்று மட்டும் சொன்னார். அன்றைக்கே போய் உட்கார்ந்தவள் பிறகு எழுந்திருக்கவில்லை.

ரயில் டிக்கெட், விமான டிக்கெட், பாஸ்போர்ட் விண்ணப்பம், ஜெராக்ஸ் என்று எல்லாம் நடக்கிற எட்டுக்குப் பத்துக் கடை அது. கோட்டை பார்க்க வருகிறவர்கள் போன் சார்ஜ் போட வருவார்கள். ஆனால் அந்தக் கடைக்குப் பேர் வாங்கித் தந்தது ஒரு தடித்த டைரி. அங்கே விண்ணப்பம் போட்டு வெளிநாடு போன ஒவ்வொருவரின் பாஸ்போர்ட் முடிகிற தேதியையும் வெற்றிவேல் அதில் எழுதி வைப்பார். முடிவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது வீட்டுக்குப் போன் போகும்.

“ஆறு மாசத்துக்கு முன்னாடியே சொல்லலாமே சார்” என்று அஸ்பியா ஒரு முறை கேட்டாள்.

“சொல்லிப் பாத்துட்டேம்மா. ஆறு மாசம் இருக்குதுன்னா அஞ்சு மாசம் மறந்துட்டு இருப்பானுங்க. அறுபது நாள்னு சொன்னாத்தான் வயித்தக் கலக்கும்.”

வெற்றிவேல் கடையிலிருந்து போன் வந்தால் அறுபது நாள் என்று அர்த்தம். வல்லம், அனந்தபுரம் வரைக்கும் இது தெரியும். யாரும் தேதியைத் தாங்களே பார்ப்பதில்லை. கடை பார்த்துக்கொள்ளும்.

உஸ்மான் போன இரண்டாம் மாதத்தில் அஸ்பியா அந்த டைரியைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். நூற்று நாற்பத்தேழு பேர். பேர் ஒரு கட்டத்தில், போன் நம்பர் ஒரு கட்டத்தில், முடியும் தேதி ஒரு கட்டத்தில். நான்காவது கட்டத்தில், முடியும் தேதியிலிருந்து இன்றைய தேதியைக் கழித்து இன்னும் எத்தனை நாள் என்று காட்டும் ஃபார்முலா. அறுபதுக்குக் கீழே போனால் அந்த வரி சிவப்பாகிவிடும்.

டைரியில் இருந்தபடியே, நம் ஊரில் எல்லோரும் எழுதுகிற மாதிரியே, நடுவில் புள்ளி வைத்துத் தேதிகளை அடித்திருந்தாள். ஃபார்முலாவைப் போட்டு இழுத்தாள். நூற்று நாற்பத்தேழு வரியிலும் நாள் கணக்கு வர வேண்டிய இடத்தில் வேல்யூ தப்பு என்று ஹேஷ் போட்ட எழுத்துகள் வரிசை கட்டி நின்றன.

வெற்றிவேல் பின்னால் வந்து நின்று பார்த்தார். “இன்னாம்மா, ஊரே சேந்து கத்துது?”

“தேதி கணக்குப் போட மாட்டேங்குது சார். தேதின்னே அதுக்குத் தெரியல போல.”

“நம்ம டைரி கத்தாது. பாத்துக்கோ.”

இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் காரணம் தெரிந்தது. புள்ளிதான். புள்ளி வைத்தால் கம்ப்யூட்டர் அதை வெறும் எழுத்தாகத்தான் பார்க்கும். சாய்கோடு போட்டால்தான் தேதி. எல்லாப் புள்ளியையும் ஒரே நொடியில் சாய்கோடாக மாற்றினாள். ஐம்பத்து நான்கு பேர் சட்டென்று அடங்கினார்கள். அவர்களுடைய தேதிகள் கட்டத்தின் வலது ஓரத்துக்கு நகர்ந்து ஒழுங்காக நின்றன. முன்னால் இருந்த பூஜ்யங்கூடக் காணாமல் போயிருந்தது. கம்ப்யூட்டர் திருத்தமாக எழுதிக்கொண்டது என்று நினைத்தாள். நான்காவது கட்டத்தில் நாள் கணக்கு வந்துவிட்டது. உஸ்மான் அந்த ஐம்பத்து நான்கில் ஒருவன். அவனுடைய கட்டத்தில் 11/6/2023 என்று இருந்தது. ஜூன் பதினொன்று. சரிதான்.

மீதித் தொண்ணூற்று மூன்று பேர் இடது ஓரத்திலேயே நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காக ஒரு வீடியோவைப் பார்த்து, தேதியை நாள், மாதம், வருஷம் என்று தனித்தனியாக வெட்டி எடுத்துச் சேர்க்கிற நீண்ட ஃபார்முலா ஒன்றைக் கற்றுக்கொண்டாள். கத்துகிற வரிகளில் மட்டும் அதைப் போட்டாள். ஒவ்வொன்றாக அடங்கின. கத்தாத ஐம்பத்து நான்கை அவள் தொடவில்லை. நன்றாக ஓடுகிற வண்டியை யாராவது பிரிப்பார்களா?

“எல்லாரும் வாய மூடிட்டாங்க சார்” என்றாள்.

வெற்றிவேல் அன்றைக்கு மிக்சரும் டீயும் வாங்கிக் கொடுத்தார். டைரி மேல் தட்டுக்குப் போனது.

லிஸ்ட் வேலை செய்தது. மாதத்துக்கு ஒன்றிரண்டு வரி சிவப்பாகும். அஸ்பியா போன் போடுவாள். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. ஆம்பூரில் பதினோரு மாதமும் அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. இங்கே யாரோ ஒரு தாய், “அஸ்பியா பாப்பா, என் புள்ளைக்கு எப்ப?” என்று தெருவில் நிறுத்திக் கேட்பாள்.

2023 ஆகஸ்ட் நான்காம் தேதி, வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து கடைக்கு வந்த அத்தா, மேலே தொங்கிய குடத்தைக் கம்பால் எடுக்கப் போனவர், கம்போடு சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். அன்று சாயங்காலம் உஸ்மானுக்குச் சொன்னபோது அவன் ஒரே வார்த்தைதான் சொன்னான்: “வந்துடறேன்.”

அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. சனிக்கிழமை சூப்பர்வைசரைக் கெஞ்சி, பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்திருந்த அலமாரியைத் திறக்க வைத்தான். மதியம் அஸ்பியாவுக்குப் போன் வந்தது.

“அக்கா, பாஸ்போர்ட் ஜூன்லயே முடிஞ்சிருக்கு.”

அவளுக்குப் புரியவில்லை. “எந்த ஜூன்?”

“இந்த ஜூன்தான். ஜூன் பதினொன்னு. டிக்கெட் போட மாட்டேங்கறாங்க. நானே பாத்திருக்கணும் அக்கா. என் தப்பு. இங்க தங்கறதுக்குக் குடுத்த அட்டை ஜனவரி வரைக்கும் இருக்குதேன்னு இதப் பாக்காமப் போயிட்டேன்.”

புதிய பாஸ்போர்ட்டுக்கு வாரங்கள் ஆகும். அவசரத்துக்குத் தூதரகத்தில் ஒரு வெள்ளைத் தாள் தருவார்கள், அதை வைத்து ஊருக்கு வரலாம். அதற்குக் கம்பெனிக் கடிதம் வேண்டும், போட்டோ வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று அவன் நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில், வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்றார்கள். கட்டிலில் படுத்திருந்த அத்தாவுக்கு ஒரு பக்கம் விளங்கவில்லை; ஆனால் நினைவு இருந்தது, பேச்சும் குழறலாக இருந்தது. கண் திறந்தபோதெல்லாம் ஒரே கேள்விதான்.

“உஸ்மான் எங்க வந்துட்டான்?”

“ஏர்போர்ட்டுல இறங்கிட்டான் அத்தா” என்றாள் அஸ்பியா, ஞாயிறு மாலை. அதைச் சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. திங்கள் காலையில் செங்கல்பட்டு. மாலையில் மதுராந்தகம். “இன்னா பஸ்ஸு அது, இப்படி நிக்குது” என்றார் அத்தா. “டயர் பஞ்சர் அத்தா.” செவ்வாய் திண்டிவனம். அம்மா அடுப்படியிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவர் மறுபடியும் கேட்டார். இந்த முறை சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. “தீவனூர் தாண்டிட்டான் அத்தா. இதோ வந்துட்டான்” என்றாள். அவர் வாசல் பக்கம் தலையைத் திருப்பினார். திருப்பிய தலை அப்படியே நின்றுவிட்டது.

அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். வெள்ளைத் தாள் உஸ்மானின் கைக்கு வந்தபோது சாயங்காலம் ஆறு மணி. அதை வைத்து வந்தால் திரும்பி வேலைக்குப் போவது உறுதியில்லை. வந்து பார்க்க அத்தாவும் இல்லை. அவன் வரவில்லை. ஜூனிலேயே பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால் சனிக்கிழமை இரவு விமானம் ஏறி, ஞாயிறு மதியம் வீட்டு வாசலில் இறங்கியிருப்பான். அத்தாவோடு கிட்டத்தட்ட மூன்று நாள் இருந்திருப்பான்.

ஆகஸ்ட் இருபத்தொன்று, திங்கட்கிழமை அஸ்பியா வேலைக்குத் திரும்பினாள். ஏப்ரல் மாதம் உஸ்மானின் வரி சிவப்பாகியிருக்கும், நோன்பு மும்முரத்தில் தான்தான் கவனிக்காமல் விட்டிருப்போம் என்று அவள் மனசுக்குள் ஒரு குடைச்சல் இருந்தது. ஆனால் லிஸ்ட்டைத் திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. அதற்குப் பதிலாக அம்மா கேட்டிருந்த வேலையை எடுத்தாள். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா என்றைக்கு வருகிறது என்று அனந்தபுரத்துச் சொந்தங்களுக்குச் சொல்ல வேண்டும்.

புதிய பக்கம் ஒன்றில் அத்தா மவுத்தான நாளை அடித்தாள்: 9/8/2023. அடுத்த கட்டத்தில் அதோடு முப்பத்தொன்பதைக் கூட்டினாள்.

10/17/2023 என்று வந்தது.

பதினேழாவது மாதமா? அவள் திரையையே பார்த்தாள். பிறகு விரல் விட்டு எண்ணினாள். ஆகஸ்டில் மீதி இருபத்திரண்டு நாள், செப்டம்பரில் பதினேழு. செப்டம்பர் பதினேழு. கம்ப்யூட்டர் அக்டோபர் பதினேழு என்கிறது. சரியாக ஒரு மாதம் தள்ளி.

அத்தாவின் தேதியை மாதப் பெயரோடு காட்டும்படி மாற்றினாள். செப்டம்பர் எட்டு என்று காட்டியது.

அந்தக் கம்ப்யூட்டரை வெற்றிவேல் சென்னையில் செகண்ட் ஹேண்டாக வாங்கி வந்திருந்தார். யாரோ அதில் அமெரிக்கக்காரர்களின் தேதி முறையை வைத்திருந்தார்கள்: மாதம் முதலில், நாள் பிறகு. ஒன்றரை வருஷமாக அது அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டாம் தேதிக்கு மேலே இருப்பதை மாதமாகப் படிக்க முடியாமல் கத்தியது. கத்தியவற்றை அவள் திருத்திவிட்டாள். பன்னிரண்டுக்குள் இருந்தவற்றை அது சத்தமில்லாமல் மாற்றிப் படித்துக்கொண்டது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இப்போது லிஸ்ட்டைத் திறந்தாள். உஸ்மானின் வரி வெள்ளையாக இருந்தது. 11/6/2023. இன்னும் எழுபத்தேழு நாள் இருக்கிறது என்றது. நவம்பர் ஆறு.

“சார்” என்று கூப்பிட்டாள். ஜெராக்ஸ் மிஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. கையைத் தட்டிக் கூப்பிட்டாள்.

வெற்றிவேலுக்கு விளங்க வைக்கக் கால் மணி நேரம் ஆனது. விளங்கியதும் அவர் எழுந்து போய் மேல் தட்டிலிருந்து டைரியை இறக்கினார். இருவருமாக உட்கார்ந்து ஐம்பத்து நான்கு பேரையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருந்த மூன்று பேர் தப்பித்திருந்தார்கள். இரண்டு பேருடையது ஏற்கெனவே முடிந்திருந்தது. நான்கு பேருடையது முடியப் போகிறது. இரண்டு நாள், காலை முதல் சாயங்காலம் வரை, அஸ்பியா போன் போட்டாள்.

வல்லத்துக் காத்தாயியின் மகன் மலேசியாவில். “இன்னாது, இருவது நாளா? அறுவது நாளுக்கு முன்னாடியில்ல சொல்லுவீங்க? அடிப் பாவிப் பொண்ணே, தூங்கிட்டியா?”

“தப்பு என்னுது ஆயா. இன்னிக்கே அவரைப் போகச் சொல்லுங்க. வரிசையில நிக்கும்போது எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்க, என்னென்ன பேப்பர்னு நான் சொல்றேன்.”

அத்தனை பேருக்கும் சொல்லி முடித்த பிறகு வெற்றிவேல் ஜெராக்ஸ் மிஷினை அணைத்துவிட்டு அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“உன் தம்பிகிட்ட சொல்லப் போறியா?”

“சொல்லணும் சார்.”

“எதுக்கு? பாய் திரும்பி வரப் போறாரா? அவன் தன் தப்புன்னு நெனச்சுக்கினு இருக்கான். நாலு மாசத்துல ஆறிடும். நீ சொன்னா உனக்கு இருக்கிறது ஒரே தம்பி, அவனும் இருக்க மாட்டான்.”

“அவன் தப்பு இல்லாததை அவன் தூக்கிக்கினு இருக்கான் சார்.”

“தூக்கட்டும்மா. ஆம்பளப் புள்ள.”

வெள்ளிக்கிழமை, அவனுக்கு விடுமுறை நாளில் கூப்பிட்டாள்.

“அம்மாவுக்கு ஒன்னும் இல்லையே?” என்றான் எடுத்ததும்.

“இல்ல. உஸ்மான், உன் பாஸ்போர்ட் தேதி நான் போட்ட லிஸ்ட்ல மாறிப் போச்சு. பதினொன்னு ஆறுங்கறத ஜூன் பதினொன்னுன்னு எடுக்காம நவம்பர் ஆறுன்னு எடுத்துக்கிச்சு. ஏப்ரல்லயே உனக்குச் சொல்லியிருக்கணும்.”

“எது எடுத்துக்கிச்சு?”

“கம்ப்யூட்டர்.”

“நான் கம்ப்யூட்டர்கிட்டயா சொல்லிட்டு வந்தேன்?”

“என்கிட்டதான். என் தப்புதான்.”

அங்கே யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

“எனக்கு மட்டும்தானா?”

“ஐம்பத்து ஒரு பேருக்கு. எல்லாருக்கும் சொல்லிட்டேன். ரெண்டு நாள்ல முடிச்சுட்டேன்.”

“ஊருக்கெல்லாம் சொல்லிட்டு கடைசியா எனக்கு” என்றான். சிரித்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை. “அம்மா சொன்னாங்க. தீவனூர் தாண்டிட்டேன்னு அத்தாகிட்ட சொன்னியாமே.”

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“நான் இன்னும் அங்கதான் நிக்கிறேன் அக்கா” என்றான். வைத்துவிட்டான்.

வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். “சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேம்மா.”

அம்மா அரிசியில் கல்லைத் தேடிக்கொண்டே இருந்தாள்.

நாற்பதாம் நாள் செப்டம்பர் பதினேழில் நடந்தது. அன்றைக்கும் அதற்குப் பிறகும் உஸ்மான் அம்மாவோடுதான் பேசினான். அம்மா போனை மகளிடம் நீட்டினால், “டூட்டிக்கு நேரமாச்சு” என்பான். அஸ்பியா அனுப்பியவை போய்ச் சேர்ந்தன, படிக்கப்பட்டன, பதில் வரவில்லை. ஏழு முறை எழுதிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். 2024 ஜனவரியில் அவனுக்கு ஊருக்கு வர லீவு இருந்தது. வராமல் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டான். முதல் வருஷ ஃபாத்திஹாவுக்கும் வரவில்லை.

கடையில் மட்டும் அவளுக்குப் பேர் கூடிப்போனது. காத்தாயி ஒரு நாள் பஸ் ஏறி வந்து அரை மூட்டை வேர்க்கடலையை மேஜை மேல் போட்டாள். “கடசி நாள்ல முடிச்சிட்டான். நீ போன் பண்ணலைன்னா என் புள்ள வேல போயிருக்கும். நீ நல்லா இருக்கணும் தாயி.” அஸ்பியா அந்தக் கடலையை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தே தீர்த்தாள்.

கம்ப்யூட்டரின் தேதி முறையை மாற்றியாகிவிட்டது. ஆனாலும் திங்கட்கிழமைதோறும் டைரியை இறக்கி, வரி வரியாக விரல் வைத்து ஒப்பிட்டாள். “போதும்மா, சரியாத்தான் இருக்குது” என்று வெற்றிவேல் சொல்லிப் பார்த்தார். கத்துகிற வரிகளைக் கண்டு அவள் பயப்படுவதில்லை. எல்லாம் அமைதியாக இருக்கும் நாளில்தான் அவளுக்குச் சோறு இறங்காது.

அத்தாவின் கடையை விற்க அம்மா சம்மதிக்கவில்லை. வாரத்தில் ஆறு நாள் பூட்டிக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை அஸ்பியா திறந்து உட்காருவாள். 2025 ஜூன் கடைசி ஞாயிறு. அத்தா மவுத்தான முஹர்ரம் மாதத்தின் பிறை பார்த்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஒரு பெண் வாளியைத் தட்டித் தட்டிப் பார்த்து, கைப்பிடி உறுதியில்லை என்று பேரம் பேசிக்கொண்டிருந்தாள். மடியில் இருந்த போன் ஒரு மெசேஜோடு அதிர்ந்தது. உஸ்மான்.

“அத்தாவுக்கு இந்த வருஷ ஃபாத்திஹா இங்கிலீஷ் தேதியில என்னிக்கு வருது? லீவு கேக்கணும். மாசத்தை எழுத்துல எழுது.”